ஆபீஸில் எதையும் மறக்காதவர் வீட்டில் மட்டும் ஏன் மறக்கிறார்?

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 38. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் நிரந்தர வேலை. கணவர் சிம்மக்கல் பக்கம் பைப், மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார். கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், எல்.ஐ.சி, வீட்டு வரி, அத்தையின் செக்கப், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பது வரை எல்லாம் இவர் தலையில்தான். போதாததற்குக் கடையின் ஜிஎஸ்டி பில்களைச் சேர்த்து ஆடிட்டருக்கு அனுப்புவதும் இவர்தான். கணவர் அந்த பில்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு, கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டு மேஜை மேல் வைப்பாராம்.

இந்த ஒரு வருடத்தில் மூன்று விஷயம் தவறிப்போயிருக்கிறது. ஜிஎஸ்டி இரண்டு முறை லேட் ஆகி அபராதம். அத்தைக்குக் கண் பரிசோதனைக்குக் குறித்த தேதி மறந்துபோனது. மூன்றாவதுதான் பெரிய அடி: பேங்கில் வைத்த நகைக்கடனின் 12 மாத கெடு முடிந்து ஏழு வாரம் ஆகிவிட்டது, பேங்க் அனுப்பிய நோட்டீஸ் பழைய வாடகை வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரம்மா போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. "உனக்கு எதுலதான் அக்கறை இருக்கு?" என்று கணவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

மூன்று டைரி வாங்கினார், ஐந்து ஆப் போட்டார், ஃபிரிட்ஜ் கதவு முழுக்கச் சீட்டு ஒட்டினார், தான் மட்டுமே இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். எதுவும் மூன்று வாரம் தாண்டவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ரீல்ஸில் ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல் சிதறும் குறைபாடு) பற்றிப் பார்த்ததிலிருந்து தனக்கும் அதுதான் என்று நம்புகிறார். கேள்விகள் மூன்று: எந்த ஆப் நல்லது? ஏடிஎச்டிக்கு மாத்திரை சாப்பிடலாமா? வேலையை விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நகைக்கடன், மற்றதெல்லாம் அப்புறம். நாளைக்கே ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, ரசீது, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு பேங்குக்கு நேரில் போங்கள். ஏலம் விடுவதற்கு முன் கடன் வாங்கியவருக்கு முறையாக அறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. ஆனால் அவர்களிடம் நீங்கள் கொடுத்திருக்கும் முகவரிக்குத்தான் அது போகும், வீடு மாறியதைச் சொல்லாதது நம் பக்கத்துக் குறை என்றாகிவிடும். அதனால் முகவரி மாற்றத்தையும் செல் நம்பரையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் போட்ட நகல் கேளுங்கள். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க முடியுமா, எவ்வளவு நாள் அவகாசம் கிடைக்கும் என்று மேனேஜரிடமே பேசுங்கள். ஒருவேளை ஏலமே போயிருந்தாலும், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சப் பணம் உங்களுக்குத்தான் வந்து சேர வேண்டும், அந்தக் கணக்கைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏழு வாரத்தில் காரியம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்காது. போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆபீஸில் இதுவரை ஒரு ஃபைல்கூட என்னால் தாமதமானது கிடையாது." எனக்கு மற்ற எல்லா வரிகளையும்விட அதுதான் முக்கியமாகப் பட்டது.

அது ஏடிஎச்டியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ரீல்ஸ் பார்த்து முடிவு செய்ய முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் குறைவாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் மருத்துவர்கள் பின்பற்றும் வரையறைப்படி, பெரியவர்களிடம் இதைக் கண்டுபிடிக்கும்போது பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்கள். அதோடு அந்தத் தொந்தரவு ஒரே இடத்தில் மட்டும் தெரியாது. வீடு, வேலை, படிப்பு, வெளிப் பழக்கம் என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். நீங்களோ பள்ளிக்கூடத்தில் வகுப்பு லீடர், ஆபீஸில் ஒரு ஃபைல் தப்பாதவர். மூளை வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் மாறிவிடாது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். படிப்பில் கெட்டியான பெண் குழந்தைகளிடம் இது கண்ணில் படாமலே போய்விடுவதும் உண்டு. அதனால் சந்தேகம் மனதை அரித்துக்கொண்டே இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்வதில் தவறே இல்லை. ராஜாஜி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மாத்திரை மட்டும் உங்கள் முடிவில் வேண்டாம். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் சில மருந்துகள் சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ளவை, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. 38 வயது, களைப்பு, மாதவிலக்கின்போது அதிக ரத்தப்போக்கு, மூன்று மணி விழிப்பு என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், தூக்கம் கெட்டாலும், மனச்சோர்வு இருந்தாலும் ஞாபகமும் கவனமும் இதே மாதிரிதான் தடுமாறும். ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்சும் பார்த்துவிடுங்கள். அத்தையின் கண் பரிசோதனைக்கும் புதுத் தேதி வாங்கிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்தாக வேண்டும், "கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள்.

ஆபீஸில் இருப்பது, வீட்டில் இல்லாதது

ஆபீஸில் உங்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்றா நினைக்கிறீர்கள்? அங்கே நீங்கள் எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு கடிதம் வந்தால் தபால் பதிவேட்டில் எண் போட்டு ஏறுகிறது. யாருடைய மேஜைக்குப் போனதோ அவருடைய தன்பதிவேட்டில் ஏறுகிறது. மாதாமாதம், காலாண்டுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டிய அறிக்கைகள் காலமுறைப் பதிவேட்டில் இருக்கின்றன. கண்காணிப்பாளர் அதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் ஒரு வாரம் மெடிக்கல் லீவில் போனாலும் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துச் செய்துவிடுவார். வீட்டில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? தபாலும் நீங்கள், பதிவேடும் நீங்கள், கண்காணிப்பாளரும் நீங்கள், மெமோ வாங்குவதும் நீங்கள்.

அதனால் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், ஆபீஸில் பழகியதையே கொண்டுவாருங்கள்.

காலமுறைப் பதிவேட்டுக்கு, மளிகைக் கடையிலோ நகைக்கடையிலோ கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர் போதும். நீங்கள் பால் கணக்கு எழுதுகிறீர்களே, அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வருடம் முழுவதற்குமான தேதிகளை ஏற்றிவிடுங்கள். ஏற்றும்போது ஒரு விஷயம் கவனியுங்கள், இது எந்த ஆப்பும் சொல்லித் தராது. எல்லாத் தேதியும் ஒரே மாதிரி தேதி கிடையாது. எல்.ஐ.சி பிரீமியம் தேதி தாண்டினால் வருட, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம் உண்டு. அதற்கு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார வேண்டியதில்லை. மாநகராட்சி வீட்டு வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை கிடைக்கும், தவறினால் அந்தச் சலுகை போகும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தவறினால் தினம் 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி வேறு. நகைக்கடன், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போன்றவை கதவையே சாத்திவிடும். இந்தக் கடைசி வகையை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள். அதுவும் கடைசித் தேதியில் எழுதாதீர்கள், பத்து நாள் முன்னால் எழுதுங்கள். நீங்கள் இதுவரை எல்லாவற்றையும் ஒரே பயத்தோடு சுமந்திருக்கிறீர்கள், அதில் நிஜமாகவே பயப்பட வேண்டியது கூட்டத்தில் காணாமல் போயிருக்கிறது.

தபால் பதிவேட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. பிள்ளைகளின் ஸ்கூல் சர்க்குலர், கல்யாணப் பத்திரிகை, பேங்க் மெசேஜ், யாராவது போனில் சொன்ன வேலை என்று எது வந்தாலும் அதில் ஒரு வரி. வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், இப்போதே அங்கே ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது "கரண்ட் பில்" என்று மட்டும் எழுதாமல் "கரண்ட் பில், வெள்ளி ராத்திரி, சாப்பிட்டதும், போனில்" என்று எழுதுங்கள். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. முடிக்காத வேலை மனதைக் குடைந்துகொண்டே இருக்கும் என்பது தெரிந்ததுதான். எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டு முடித்தாலே, வேலையை இன்னும் முடிக்காவிட்டாலும் அந்தக் குடைச்சல் அடங்குகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் காட்டினார்கள். நோட்டையும் பேனாவையும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விளக்கைப் போட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் படுங்கள். போனை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

கோப்புக்கு ஒரு பெட்டி ஃபைல் போதும். வீடு, கடை, பேங்க், உடம்பு என்று நான்கே பிரிவு. அதற்குமேல் பிரித்தால் எதை எதில் வைப்பது என்பதே தனி வேலையாகிவிடும். ஆதார், டிரைவிங் லைசென்ஸ், மார்க் ஷீட் போன்றவற்றை டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், துறையே நேரடியாக அதில் வெளியிடும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றுவதற்கு அந்த மதிப்பு கிடையாது, இதைப் பலபேர் குழப்பிக்கொள்கிறார்கள். அப்புறம், ஏடிஎம் பின்னும் யுபிஐ பின்னும் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதை இன்றைக்கே அழித்துவிட்டு பின்னையும் மாற்றுங்கள்.

சரி, எந்த ஆப்?

போனில் ஏற்கெனவே இருக்கும் கூகுள் காலண்டர். அவ்வளவுதான். மாதக் காலண்டரில் சிவப்பில் எழுதியதை மட்டும் அதில் ஏற்றி, கணவரின் போனிலும் அதே நினைவூட்டல் அடிக்கும்படி வையுங்கள். ஐந்து ஆப் போட்டுப் பார்த்தீர்கள், ஐந்தும் உங்கள் போனில் மட்டுமே இருந்தன என்பதைக் கவனித்தீர்களா? நம்ம ஊரில் சித்திரைத் திருவிழா எப்போது என்று யாரும் டைரியில் குறித்து வைப்பதில்லை. கொடியேறுகிறது, ஊர் முழுக்கத் தெரிகிறது, ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் சொல்லிவிடுகிறார். வீட்டுத் தேதிகளும் அப்படி எல்லார் கண்ணிலும் பட வேண்டும்.

21 நாளில் பழக்கம் ஒட்டவில்லை, தனக்கு மனஉறுதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 21 நாள் கணக்குக்கு ஆதாரமே கிடையாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை. நீங்கள் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் தவறவிட்டதும் டைரியையே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த டைரி வாங்கியிருக்கிறீர்கள், பிரச்சினை அங்கேதான்.

வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் காலண்டரையும் நோட்டையும் பார்ப்பதுதான் இதில் உயிர்நாடி. அதை ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு கட்டிப்போடுங்கள். ஞாயிறு காலை கறிக்குழம்பு கொதிக்கிற நேரம் சரியாக இருக்கும், அவரும் கடை அடைத்து வீட்டில் இருப்பார்.

மஞ்சப்பை யாருடையது?

இதைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை. "அவர் உதவி செய்வார், நான் சொன்னால் செய்துவிடுவார்" என்று பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர்கள். அத்தையின் கண் ஆஸ்பத்திரி விஷயத்தில் அவர் சொன்னதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "எப்பப் போகணும்னு சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்." நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் பைக்கை எடுப்பது கால்வாசி வேலை. தேதி வருகிறது என்று உணர்வது, அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, பழைய ரிப்போர்ட்டைத் தேடுவது, அடுத்து எப்போது வரச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வது மீதி முக்கால்வாசி.

அமெரிக்காவில் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதியரிடம் பேசி 2019-ல் எழுதிய ஆய்வு இதைத்தான் சொல்கிறது. குடும்பத்தின் யோசனை வேலையில் நான்கு படி: முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண்ணிடம் நிற்கின்றன. வெளியில் தெரியாத வேலை என்பதால், தவறும்போது மட்டும்தான் அது கண்ணில் படும். நம் நாட்டில் கையால் செய்யும் வீட்டு வேலையே 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் அதைச் செய்யும் பெண்களுக்கு ஒரு நாளில் 289 நிமிடம், செய்யும் ஆண்களுக்கு 88. யோசனை வேலை இந்தக் கணக்கிலேயே வராது.

ஆகவே அவரிடம் உதவி கேட்காதீர்கள், சில விஷயங்களை முழுதாகக் கைமாற்றுங்கள். முதலில் கைமாற வேண்டியது கடை ஜிஎஸ்டி. அது அவருடைய வியாபாரம். பில்லை தினம் கடை சாத்தும்போது போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அவரே அனுப்பட்டும், கடைப் பையனிடம்கூடச் சொல்லலாம். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடிக்கு உட்பட்டிருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்தில் சேரலாம், வரியை மட்டும் மாதாமாதம் கட்டினால் போதும். உங்கள் கடைக்கு அது லாபமா என்று ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். கேட்க வேண்டியதும் அவர்தான். இரண்டாவது, அத்தையின் வைத்தியம். அவருடைய அம்மா, அவரே பார்க்கட்டும். மூன்றாவது நகைக்கடன், அதனால்தான் பேங்குக்கு இரண்டு பேரும் போகச் சொன்னேன். அவருடைய நம்பரும் அங்கே பதிவாகட்டும்.

எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். சண்டை நடந்த அன்றைக்குப் பேசாதீர்கள், அத்தை முன்னால் பேசாதீர்கள். நீங்கள் சுமக்கும் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, "இதுல எந்த மூணை நீங்க முழுசா எடுத்துக்குவீங்க?" என்று கேளுங்கள். ஒரு ஆபத்து இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவர் முதல் மாதம் ஜிஎஸ்டியைத் தவறவிடுவார், அனேகமாக. உங்களுக்குக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். ஐந்நூறு ரூபாய் தாமதக் கட்டணம் கட்டினால் கட்டட்டும். நீங்கள் நடுவில் புகுந்து முடித்துவிட்டால் மஞ்சப்பை மறுபடி மேஜைக்கு வந்துவிடும். அத்தையின் உடம்பு விஷயத்தில் மட்டும் இந்தப் பரீட்சை வேண்டாம். அங்கே தேதியை ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வயது பதினாலு. அவள் ஸ்கூல் சர்க்குலரை அவளே நோட்டில் எழுதலாம். பையனும் எழுதட்டும், அப்பாவைப் பார்த்தால் தானாக எழுதுவான்.

வேலையை விடுவது

வேண்டாம். நீங்கள் தவறவிட்ட மூன்றும் நேரமில்லாததால் தவறியவை இல்லை, பதிவாகாததால் தவறியவை. வேலையை விட்டால், "வீட்டுலதானே இருக்க" என்று இன்னும் பத்து விஷயம் உங்களிடம் வந்து சேரும், சம்பளமும் போகும். உதவி பெறும் கல்லூரியில் நிரந்தரப் பணியை ராஜினாமா செய்துவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வருவது லேசில் நடக்காது. உடம்பும் மனமும் நிஜமாகவே தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னால் மருத்துவ விடுப்பு இருக்கிறது, ஊதியமில்லா விடுப்பு இருக்கிறது, அதையெல்லாம் கேட்டுப் பார்க்காமல் ராஜினாமாக் கடிதத்தில் கைவைக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அந்தத் தாளில் அவர் எந்த மூன்றை எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றையும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதையும் எழுதுங்கள். அப்படியானால் அடுத்த முறை இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பேச வேண்டியிருக்கும்.